மழலையும் பேச்சுத் தாமதமும்

பழுகாமத்தில் வளரும் மூன்று வயதுக் குழந்தையொன்று தனது ஊரின் பெயரைப் பிழையின்றிச் சொல்வது எளிதன்று. 'பயுகாமம்' என்றோ 'பலுகாமம்' என்றோதான் வாயில் வரும். ஆங்கிலத்தில் எழுதும்போது பெரியவர்களும் அவ்வூரின் ழகரத்துக்கு லகரத்தையே இடுகின்றனர் என்பதால் குழந்தையை மட்டும் குறை கூறுவதற்கில்லை.

ஆயினும் வீட்டிலே கவலை தொடங்கிவிடுகின்றது. நாக்குத் தடிப்பு என்பர் சிலர். வசம்பைச் சுட்டு நாவில் தடவச் சொல்வர் வேறு சிலர். 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் பெற்ற பொருளாயினும், வசம்பு உச்சரிப்பைத் திருத்தும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. கைக்குழந்தைகளுக்கு அது தீங்கும் விளைவிக்கலாம்.

குழந்தை முதலில் கைக்கொள்வது பெரும்பாலும் உதடுகளால் பிறக்கும் ஒலிகளையே. அம்மா, அப்பா, உம்மா, வாப்பா என்னும் சொற்கள் யாவும் உதட்டின் துணையால் பிறப்பவை. ரகரமும் ழகரமும் அவ்வாறல்ல. நாவின் நுனி மேலெழுந்து அண்ணத்தைத் தடவும்போது இவ்விரண்டும் பிறப்பதாகத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஒருங்கே வைத்துக் கூறுகின்றது. இந்த நுண்ணிய அசைவு பிஞ்சு நாவுக்குக் கைவரக் காலம் வேண்டும். அதுவரை 'ராசா' 'லாசா'வாகும். பழம் கேட்கும் பிள்ளை 'பயம்' வேண்டுமென்று அழும்.

அவுஸ்திரேலிய ஆய்வாளர்களான ஷரின் மக்லியோட், கேத்ரின் குரோ ஆகியோர் 27 மொழிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டனர். ஐந்து வயதளவில் பிள்ளைகள் தம் மொழியின் மெய்யொலிகளுள் பெரும்பாலானவற்றைச் சரியாக ஒலிக்கின்றனர் என்பது அதன் முடிவு. சில கடினமான ஒலிகள் அதற்குப் பின்னரும் வரலாம். பொதுவாக, இரண்டு வயதுப் பிள்ளையின் பேச்சில் அரைப்பங்கும், மூன்று வயதில் முக்காற்பங்கும், நான்கு வயதில் ஏறத்தாழ முழுவதும் அயலவருக்கு விளங்க வேண்டும்.

எனவே முன்பள்ளியிலோ ஓதற்பள்ளியிலோ நான்கு வயதுப் பிள்ளை ரகரத்தில் இடறினால் அதட்டுவதும், மீண்டும் மீண்டும் சொல்லவைத்துச் சிரிப்பதும் தகாது. அரபு எழுத்துக்களில் தமிழில் இல்லாத ஒலிகளும் உள்ளன. அங்கு ஆசிரியருக்கு இன்னும் பொறுமை வேண்டும். பிள்ளை 'பயம்' என்றால், "ஓம், மஞ்சள் பழம், இந்தா பழம்" என்று சரியான ஒலியைக் காதில் விழச் செய்தாலே போதுமானது.

உண்மையில் அஞ்சவேண்டியவை வேறு. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை; ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லேனும் வராமை; இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்க்காமை; முன்பு சொன்ன சொற்களை இழத்தல். இவற்றைக் கண்டும், "தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவர்" என்று அம்மம்மாவோ உம்மம்மாவோ ஆறுதல் கூற, மாதங்கள் கழிந்துவிடுகின்றன. மழலைக்கு வசம்பு தேடும் அதே வீட்டில்தான் இந்த அமைதியும் நிலவுகின்றது! செவிக்குறையே காரணமாயின், மொழி மிக விரைவாக வளரும் பருவமல்லவா வீணாகின்றது? அடிக்கடி சளியோடு காதில் சீழ் வடியும் பிள்ளைக்கும் செவிப் பரிசோதனை அவசியம்.

இலங்கையில் பேச்சு, மொழிச் சிகிச்சைக்கான பல்கலைக்கழகப் பயிற்சி 1990களின் பிற்பகுதியில்தான் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் தொடங்கியது. தமிழில் பணியாற்றுவோர் இன்றும் போதாது. படுவான்கரைத் தாய்மார் பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிகுடிக்கோ, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ செல்ல ஒரு நாட்கூலியை இழக்க நேர்கின்றது. ஆதலால் முதலில் ஊர்க் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடமே கேட்கலாம். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் பார்வை, செவிப்புலன், பேச்சு வளர்ச்சி ஆகியவற்றுக்கும் இடமுண்டு. நிறைகுறிக்கும் பக்கத்தோடு அதை மூடிவிடுகின்றோம். செல்லுமுன் பிள்ளை சொல்லும் சொற்களை, அது சொல்லும் விதமாகவே, ஒரு தாளில் எழுதிச் செல்வது நல்லது. வெள்ளை அங்கியைக் கண்டதும் வாய் திறக்காத பிள்ளைகளே அதிகம்.