பரோலில் வந்த அப்பா, பேசாத மகன்: உறவை மீட்க என்ன செய்யலாம்?

பரோல் ஆணையில் எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். எந்த வீட்டில் தங்க வேண்டும், எந்த அதிகாரியைப் பார்க்க வேண்டும், கட்டுப்பாடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதில் குழப்பம் இருக்காது. ஆனால், அதே வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் மூழ்கியிருக்கும் 15 வயது மகன் எப்போது வாய் திறந்து "அப்பா" என்று கூப்பிடுவான்? அதற்கு எந்த ஆணையிலும் தேதி இல்லை.

சிறையிலிருந்து ஒருவர் திரும்பி வந்தால் நம் வீடுகளில் முதலில் கோயிலில் ஓர் அர்ச்சனை நடக்கும். பிறகு உறவினர்கள் கூடிச் சாப்பிடுவார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் உண்மை நிலை தெரியவரும். மனைவிக்கும் கணவருக்கும் பேச்சு வந்துவிடும், சின்னப் பிள்ளைகள் மடியில் ஏறிவிடுவார்கள், பதின்ம வயது மகன் மட்டும் விலகியே நிற்பான். "பெத்த அப்பாவையே மதிக்க மாட்டேங்கிறான்" என்ற குறை அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் குறை வளர்ந்தால் மகனின் படிப்பும் கெடும், அப்பாவின் பரோலுக்கும் ஆபத்து வரலாம்.

பரோல் முழு விடுதலை அல்ல

மலேசியாவில் பரோல் முறை 2008இல் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டு சிறைச்சாலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் அதற்கு வழி அமைத்தது. குறைந்தது 1 ஆண்டு சிறைத்தண்டனை பெற்று, அதில் பாதியைக் கழித்துவிட்ட கைதியைப் பரோலுக்குப் பரிசீலிக்க முடியும். சட்டத்தின் அட்டவணையில் குறிப்பிடப்பட்டுள்ள சில குற்றங்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. யாரை விடுவது என்பதைப் பரோல் வாரியம் முடிவு செய்கிறது.

பரோலில் வந்தவர் மீதித் தண்டனையின் ஒரு பகுதியைச் சிறைக்கு வெளியே, கண்காணிப்பின்கீழ் கழிக்கிறார். அனுமதிக்கப்பட்ட வீட்டில்தான் தங்க வேண்டும். மாவட்டத்தை விட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும். பரோல் அதிகாரியிடம் தவறாமல் முகம் காட்ட வேண்டும். போதைப் பொருள் பக்கம் போகக் கூடாது. நிபந்தனையை மீறினால் பரோல் ரத்தாகி, மீண்டும் சிறைக்குப் போக நேரிடும்.

பெரியவர்களுக்கே சரியாகத் தெரியாத இந்த விவரங்கள் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவனைப் பொறுத்தவரை அப்பா வெளியே வந்துவிட்டார், அவ்வளவுதான். அப்படியிருக்க, பக்கத்து மாவட்டத்தில் நடக்கும் அவன் காற்பந்துப் போட்டிக்கு அப்பா வரவில்லை என்றால், "இவருக்கு என் மேல அக்கறை இல்ல" என்று நினைத்துக்கொள்வான். இரவில் உறவினர் வீட்டு விருந்திலிருந்து பாதியில் கிளம்பினால், சாக்குப்போக்கு சொல்வதாகத் தோன்றும்.

அதனால் அப்பா முதலில் செய்ய வேண்டியது, மகனை உட்காரவைத்துத் தம் பரோல் நிபந்தனைகளைச் சொல்வதுதான். எதற்கு அனுமதி வேண்டும், எது முடியாது, எந்தத் தேதி வரை என்று மறைக்காமல் சொல்லிவிட்டால், பின்னால் வரும் பாதி மனக்கசப்பைத் தவிர்க்கலாம்.

மகன் சுமக்கும் பாரம்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 10 ஆண்டுத் தண்டனை பெற்ற ஒருவர் 5 ஆண்டு கழித்துப் பரோலில் வருகிறார். அவர் உள்ளே போனபோது மகனுக்கு வயது 10, தமிழ்ப்பள்ளியில் 4ஆம் ஆண்டு. இப்போது 15 வயது, இடைநிலைப்பள்ளி மாணவன். இடையில் அவன் குரல் மாறியிருக்கிறது. மலாய்மொழிப் பள்ளிக்கு மாறி, புதுச் சூழலில் தட்டுத்தடுமாறிக் காலூன்றியிருக்கிறான். அம்மா இரண்டு வேலை பார்த்த நாட்களில் தங்கைக்குச் சோறு போட்டிருக்கிறான். பள்ளி விடுமுறையில் உணவுக்கடையில் தட்டு கழுவியும் இருக்கலாம். அப்பாவின் நினைவிலோ அவன் இன்னும் அந்த 10 வயதுப் பையன்தான்.

ஒருவர் இறந்துவிட்டால் துக்கம் விசாரிக்க ஊரே வரும். காரியம் செய்து, படம் மாட்டி, விளக்கேற்றுவோம். பிள்ளைக்கு அழ ஓர் இடம் கிடைக்கும். சிறைக்குப் போனால் அந்த வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்பதில்லை. லயத்திலும் சரி, அடுக்குமாடி வீட்டிலும் சரி, பேச்சு பின்னால்தான் நடக்கும். உயிரோடு இருக்கும் ஒருவர் கூட இல்லாத இந்த நிலையை அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் "தெளிவற்ற இழப்பு" என்று குறிப்பிடுகிறார். அழவும் முடியாது, மறக்கவும் முடியாது.

இலண்டனில் 411 பையன்களைச் சிறுவயதிலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதன் தரவுகளை ஆராய்ந்து ஜோசப் மரே, டேவிட் ஃபாரிங்டன் இருவரும் 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 10 வயதுக்குள் தாயோ தந்தையோ சிறைக்குப் போனதால் பிரிவைச் சந்தித்த பையன்கள், வேறு காரணங்களால் பெற்றோரைப் பிரிந்தவர்களைவிடப் பிற்காலத்தில் அதிகச் சிக்கலுக்கு ஆளானதை அவர்கள் கண்டனர். சிறைக்குப் போனவரின் பிள்ளை கெட்டுத்தான் போவான் என்று இதற்குப் பொருளில்லை. அவன் பட்டிருக்கும் காயம் சாதாரணமானது அல்ல, அவன் மௌனத்தைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

"அப்பா சிங்கப்பூர்ல வேலை"

பல வீடுகளில் பிள்ளையிடம் சொல்லப்படும் பொய் இது. சிறு வயதில் அவன் நம்பியிருப்பான். கைப்பேசி கைக்கு வந்தபின் அப்பாவின் பெயரைத் தேடிப் பார்த்திருப்பான், அல்லது பள்ளியில் யாராவது சொல்லிக் காட்டியிருப்பார்கள். உண்மை தெரிந்தும் தெரியாததுபோல் அம்மாவுக்காக நடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் உண்டு.

இந்தப் பொய்யை முடித்து வைக்க வேண்டியவர் அப்பாதான். அம்மாவையோ மாமாவையோ தூது அனுப்பினால் வேலைக்கு ஆகாது. நீளமாகப் பேசவும் வேண்டாம். "அப்பா தப்பு செஞ்சேன், அதுக்குத்தான் ஜெயில்ல இருந்தேன். உன் மேலயும் அம்மா மேலயும் எந்தத் தப்பும் இல்ல. நீ எப்ப கேட்டாலும் பதில் சொல்றேன்" என்ற அளவே போதும். "கூட்டாளிங்க மாட்டிவிட்டுட்டானுங்க", "உனக்காகத்தான் செஞ்சேன்" போன்ற பேச்சைத் தவிர்க்க வேண்டும். "உனக்காக" என்றால் குற்றத்தின் பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதாகிவிடும்.

சொன்னவுடனே அவன் கட்டிப்பிடித்து அழுவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். எழுந்து போய்விடலாம். சில வாரம் கழித்து, சம்பந்தமே இல்லாத நேரத்தில், "தாத்தா செத்தப்ப நீங்க ஏன் வரல?" என்று கோபமாகக் கேட்கலாம். அந்தக் கோபத்தைக் கண்டு அப்பா துவண்டுவிடக் கூடாது. ஐந்து வருடம் மூடியிருந்த வாய் திறக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அதட்டாமல் பதில் சொல்ல வேண்டும்.

தோளுக்கு உயர்ந்தவன் தோழன்

வந்த முதல் மாதத்திலேயே தலைமுடியை வெட்டு, கைப்பேசியைக் கொடு, கூட்டாளிகளை விடு என்று அதிகாரம் செய்யத் தொடங்கும் அப்பாக்கள் அதிகம். இழந்த ஆண்டுகளை ஒரே மாதத்தில் ஈடுகட்டும் அவசரம் அது. ஆனால், அத்தனை காலமும் வீட்டு விதிகளைப் போட்டவர் அம்மா. அவரைத் தாண்டி அப்பா விதி போட்டால், மகன் அம்மாவின் பக்கம் நின்று எதிர்ப்பான். அதைவிட, "நான் இல்லாதப்ப வீட்டைப் பாத்துக்கிட்ட, அது எனக்குத் தெரியும்" என்று ஒரு முறை சொன்னால் அவன் மனத்தில் நிற்கும்.

அதிகாரத்தைவிட நேரம் தவறாமை பெரிய உதவி செய்யும். செவ்வாய்க்கிழமை டியூஷன் முடிந்ததும் அழைத்துவர வருவேன் என்றால், மழை பெய்தாலும் அங்கே நிற்க வேண்டும். புது மோட்டார், விலை உயர்ந்த கைப்பேசி என்று வாக்குக் கொடுப்பதைத் தவிர்க்கலாம். வேலை இன்னும் நிலைக்காத நேரத்தில் அந்த வாக்கு பொய்த்துப் போனால், அவன் பழைய ஏமாற்றங்களின் பட்டியலில் இன்னொன்று சேரும். காற்பந்து பார்ப்பது, மோட்டாருக்கு எண்ணெய் மாற்றுவது, வாரம் ஒரு முறை சேர்ந்து சமைப்பது போன்ற சின்ன வேலைகள் நல்லவை. நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வராத பையனுக்கு, கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

மகன் வேறு வீட்டில் இருந்தால்

தாய் பிரிந்துபோய், மகன் பாட்டி வீட்டிலோ தாய்மாமன் வீட்டிலோ வளர்வதும் உண்டு. அந்த வீடு வேறு மாவட்டத்தில் இருந்தால், சொல்லாமல் கொள்ளாமல் பேருந்து ஏறுவது பரோல் மீறலாகலாம். பிள்ளையைப் பார்க்கப் போவதாக முன்கூட்டியே பரோல் அதிகாரியிடம் சொல்லி அனுமதி பெற வேண்டும். அனுமதி வரும்வரை, குறித்த நாளில் குறித்த நேரத்தில் தொலைபேசியில் அழைக்கலாம். அவன் எடுக்காவிட்டால் "சாப்பிட்டியா தம்பி? அடுத்த வாரம் கூப்பிடறேன்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.

விவாகரத்தான முஸ்லிம் அல்லாத தம்பதியரின் பிள்ளை பராமரிப்பு 1976ஆம் ஆண்டு திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் முடிவாகிறது. பிள்ளையின் நலனே அதில் முதன்மை. சொந்தமாகக் கருத்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கவனத்தில் கொள்ளும். ஆகவே 15 வயது மகனை வழக்குப் போட்டு மட்டும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட முடியாது. நீதிமன்ற ஆணை ஏற்கெனவே இருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். மாற்றம் தேவைப்பட்டால் அரசாங்கச் சட்ட உதவித் துறையை அணுகலாம்.

"போலீஸ்ல சொல்லிடுவேன்"

வாக்குவாதம் முற்றும்போது மகன் வாயிலிருந்து இந்த வார்த்தை வரலாம். அப்பா திரும்பவும் உள்ளே போவதற்குத் தன் ஒரு தொலைபேசி அழைப்பு போதும் என்று அவன் நம்பினால், வீட்டில் யார் பெரியவர் என்பதே தலைகீழாகிவிடும். கோபத்தில் அப்பா கை ஓங்கினால், மகன் காயப்படுவதோடு பரோலும் பறிபோகலாம்.

அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டு அறையை விட்டு வெளியே போவதே நல்லது. வீட்டை விட்டு எங்கோ போய்விடக் கூடாது. தங்கும் நேரக் கட்டுப்பாடு இருந்தால் அதுவே இன்னொரு சிக்கலாகும். வீட்டில் அடிக்கடி சண்டை வருகிறது என்றால் அதைப் பரோல் அதிகாரியிடம் மறைக்காமல், ஆலோசனை உதவி கேட்பது நல்லது.

அதே வேளையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்பா உண்மையிலேயே அடித்தால், மிரட்டினால், போதைப் பழக்கத்துக்குத் திரும்பினால், குடும்பம் பொறுத்துப்போக வேண்டியதில்லை. உறவைச் சேர்ப்பதைவிடப் பிள்ளையின் பாதுகாப்பு முக்கியம். தாலியான் காசே 15999 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். உதவி கேட்ட பிள்ளையை "அப்பாவைக் காட்டிக் கொடுத்தவன்" என்று யாரும் குற்றம் சாட்டக் கூடாது.

சுற்றி இருப்பவர்கள்

கல்யாண வீட்டில், திருவிழாவில், "அப்பன் மாதிரி ஆயிடாதேடா" என்று அறிவுரை சொல்லும் உறவினர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தச் சொல் மகனையும் அப்பாவையும் சேர்த்தே குத்துகிறது. அப்பா இல்லாத காலத்தில் அவனை வளர்த்த தாய்மாமன், தாத்தா போன்றவர்கள் ஒரேயடியாக விலகிவிடவும் கூடாது. மகன் நம்பும் ஆள் அவர்கள்தான். முதல் சில சந்திப்புகளில் அவர்களும் உடன் இருந்தால் அவனுக்குத் தெம்பாக இருக்கும்.

பள்ளியில் ஆலோசனை ஆசிரியர் இருக்கிறார். வீட்டு நிலையை அவர் ஒருவரிடம் மட்டும் அம்மா சொல்லி வைத்தால், மகனின் வருகையோ நடத்தையோ மாறும்போது தண்டனைக்கு முன்பே கவனிப்பு கிடைக்கும். மகனுக்குத் தெரியாமல் இதைச் செய்ய வேண்டாம். அவனிடமும் சொல்லிவிட்டே செய்யலாம்.

இத்தனைக்கும் பிறகு, பரோல் முடியும் தேதிக்குள் உறவு சீராகாமல் போகலாம். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்வது, மோட்டார் பழுதானால் அவரைக் கூப்பிடுவது எல்லாம் முன்னேற்றம்தான். பரோல் முடிந்த மறுநாள் முதல் அப்பா எத்தனை மணிக்கு வீடு திரும்பினாலும் கேட்க அதிகாரி இருக்க மாட்டார். அன்றும் அவர் செவ்வாய்க்கிழமை டியூஷன் வாசலில் வந்து நிற்கிறாரா என்பதை மகன் கவனித்துக்கொண்டிருப்பான்.