உங்களுக்குத் தெரியுமா? பாலே பாவாடை கட்டி ஓடலாம்!

பாலே நடனத்தில் இடுப்பைச் சுற்றிப் பூவாய் விரிந்து நிற்கும் வலைப் பாவாடைக்கு டூட்டூ என்று பெயர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஊர்மக்கள் கூடி ஓடும் 5 கிலோமீட்டர் ஓட்டங்களில் இந்த டூட்டூ இன்று சர்வ சாதாரணம். பாட்டி, பேத்தி, தாடி வைத்த அப்பா என்று வயது வித்தியாசமில்லாமல் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். நடக்கிறவர்களும் உண்டு. யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

ஓட்டத்துக்கான டூட்டூவுக்கு ஊசி நூல் வேண்டாம். இடுப்பளவுக்கு எலாஸ்டிக்கை வெட்டி வளையமாக முடிச்சிட வேண்டும். நைலான் நெட் துணியை நீள நீள நாடாக்களாக நறுக்கி, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, எலாஸ்டிக்கில் கோத்துச் சுருக்குப் போட்டு இறுக்கினால் பாவாடை தயார். நாடாக்கள் நெருக்கமாக இருந்தால்தான் விரிந்து நிற்கும். முழங்காலுக்கு மேலேயே நிற்கட்டும். கீழே இறங்கினால் ஓடும்போது காலில் சிக்கும். உள்ளே ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளாவிட்டால் நெட் துணி தொடையை உரசிப் புண்ணாக்கிவிடும்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் பிரிட்டனின் ‘ரேஸ் ஃபார் லைஃப்’ ஓட்டம் 1994-இல் லண்டன் பாட்டர்சீ பூங்காவில் தொடங்கியது. நெடுங்காலம் பெண்களுக்கு மட்டுமே என்றிருந்த அதில் 2019 முதல் ஆண்களும் ஓடுகிறார்கள். அங்கே இளஞ்சிவப்பு டூட்டூ ஏறக்குறைய சீருடை மாதிரி.

பாப் கேரி என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பாலே அரிசோனா நடனக் குழுவுக்காக, இளஞ்சிவப்பு டூட்டூ அணிந்து தன்னைத் தானே படம் எடுத்தார். பிறகு 2003-இல் மனைவி லிண்டாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. கேரி டூட்டூவைக் கழற்றவில்லை. பாலைவனம், கடற்கரை, நகரத்துத் தெரு என்று போன இடமெல்லாம் அதே கோலத்தில் படம் எடுத்தார். சிகிச்சைக்குப் போகும்போது லிண்டா அந்தப் படங்களைச் சக நோயாளிகளுக்குக் காட்டினார், அவர்கள் சிரித்தார்கள். ‘டூட்டூ புராஜெக்ட்’ என்ற பெயரில் அது நோயாளிகளுக்கு உதவும் முயற்சியாக வளர்ந்தது.

2014-இல் ஓர் அமெரிக்க உடற்பயிற்சி இதழ், டூட்டூ கட்டி மாரத்தான் ஓடிய ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, இந்தப் பாவாடை மோகத்தைக் கிண்டல் செய்தது. மூளைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டே ஓடியவர் அவர். டூட்டூக்களைத் தைத்து விற்று, சிறுமிகளை ஓட ஊக்குவிக்கும் அமைப்புக்கு நிதி கொடுத்து வந்தவரும்கூட. கண்டனம் குவிந்தது, இதழ் மன்னிப்புக் கேட்டது. கேட்கத்தான் வேண்டும். டூட்டூ ஓடுவதற்கான உடை அல்ல என்று நினைப்பவர்களுக்கு அதன் வரலாறு தெரியாது. கால்கள் தடையின்றி இயங்க வேண்டும் என்பதற்காகவே 100 ஆண்டுகளுக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைக்கப்பட்ட பாவாடை அது.

18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஆடிய மேரி கமார்கோ, தன் காலசைவுகள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றினார். 1832-இல் ‘லா சில்ஃபீட்’ பாலேவில் மேரி டாக்லியோனி அணிந்த மணி வடிவ வெள்ளைப் பாவாடை ஐரோப்பா முழுதும் பரவியது. 1880-களில் ரஷ்யாவுக்குப் போன இத்தாலிய நடனக்காரி விர்ஜினியா சுக்கி அதை இன்னும் குட்டையாக்கினார்.

இந்தப் பாவாடை உயிரையும் வாங்கியிருக்கிறது. அன்றைய மேடைகளில் எரிந்தவை எரிவாயு விளக்குகள். பாவாடைகளோ காற்றாய் மிதக்கும் மெல்லிய பருத்தித் துணி. படிகாரம் போன்ற உப்புகளின் கரைசலில் துணியை நனைத்தால் எளிதில் தீப்பற்றாது என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் நனைத்த துணி விறைத்து, நிறம் மங்கிவிடும். டாக்லியோனியின் மாணவி எம்மா லிவ்ரி அதை அணிய மறுத்தார். 1862 நவம்பர் 15-ஆம் தேதி பாரிஸ் ஒப்பேராவில் ஒத்திகையின்போது அவர் பாவாடை விளக்கில் பட்டுப் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு, 20 வயதில் இறந்தார். தீயில் சிறகு கருகும் பட்டாம்பூச்சிப் பெண்ணைக் கதாநாயகியாக வைத்து டாக்லியோனி அவருக்காகவே ஒரு பாலே அமைத்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. லிவ்ரியின் கருகிய உடையின் எச்சம் இன்றும் பாரிஸ் ஒப்பேராவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நைலான் நெட்டும் தீயில் உருகித் தோலில் ஒட்டும். டூட்டூ கட்டிய குழந்தையை மெழுகுவத்தி, பட்டாசுப் பக்கம் விடாதீர்கள்.

டூட்டூவுக்கு அடிப்படையான வலைத்துணியை மிஷினில் நெய்யும் வழியைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட். 1816-இல் மிஷின்களை எதிர்த்த லட்டைட் கும்பல் லஃப்பரோவில் அவர் ஆலையை நொறுக்க, டிவர்டன் ஊருக்குப் பெயர்ந்து புதிதாகத் தொடங்கினார். அங்கே அவர் பெயரில் இன்றும் ஆலை ஓடுகிறது. 2021-இல் பெர்சிவியரன்ஸ் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது விரிந்த பாராசூட்டின் துணி அங்கே நெய்ததுதான்!

இடுப்பிலிருந்து தட்டையாக விரியும் மேடை டூட்டூக்களுக்குள் கம்பி வளையம் உண்டு. பலர் நெருங்கி ஆடினால் ஒன்றோடொன்று இடிக்கும். 1950-இல் நியூயார்க்கில் பார்பரா கரின்ஸ்கா வளையமே இல்லாமல், குட்டைக் குட்டை வலையடுக்குகளைத் தளர்வாகத் தைத்து, ‘பவுடர் பஃப்’ டூட்டூவை உருவாக்கினார். அதற்கு முன்பே ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்தின் உடைகளுக்காக ஆஸ்கர் வாங்கியவர் அவர்.

நடனக் குழுக்களில் டூட்டூவைத் தலைகீழாகத்தான் தொங்கவிடுவார்கள். நேராக மாட்டினால் அடுக்குகள் தொய்ந்துவிடும். வியர்வை நாற்றம் போக, மேல்சட்டையின் உட்புறத்தில் வோட்காவைத் தெளிப்பதும் பல குழுக்களில் வழக்கம்.

பாவாடையோடு ஓடலாம்; விரல் நுனியில் நின்று ஆடும் பாயின்ட் ஷூவோடு முடியாது. துணியையும் காகிதத்தையும் பசையால் அடுக்கிச் செய்த அதன் முனை, முன்னணி நடனக்காரிக்கு ஒரே நிகழ்ச்சியில் நைந்துவிடும். அது இளஞ்சிவப்பிலேயே வந்ததால் கறுப்பினத்தவர் தங்கள் தோல் நிறத்துக்கு ஷூவைத் தாங்களே பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் குழு 1970-களிலேயே தோல் நிறத்துக்கேற்ற ஷூவுக்கும் காலுறைக்கும் மாறியது. லண்டனின் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறப் பாயின்ட் ஷூவைத் தயாரித்தது 2018-இல்தான். எவ்வளவு தாமதம்!

பாலேவுக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் கற்றது பாலே. ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் மயங்கி அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பயின்றார். உன் மண்ணின் நடனத்தைத் தேடு என்று திருப்பிவிட்டவர் பாவ்லோவாவே.

ஆண்கள் டூட்டூ கட்டுவது ஓட்டத்தில் மட்டுமல்ல. 1974-இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘லே பாலே ட்ரொக்கடெரோ’ குழுவில் எல்லோரும் ஆண்கள். பாயின்ட் ஷூவில் ஏறி ‘அன்னப்பறவை ஏரி’யை நகைச்சுவையோடும் அசல் நுட்பத்தோடும் ஆடி உலகம் சுற்றுகிறார்கள்.

டூட்டூ மட்டுமல்ல, கவுன் மாட்டி ஓடுவதும் உண்டு. 1938-இல் கோலாலம்பூரில் பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கியது ‘ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’ ஓட்டக் குழு. 1987-இல் அதன் கலிஃபோர்னியக் கிளையின் ஓட்டத்துக்குச் சிவப்பு கவுனில் வந்த ஒரு பெண்ணை, வண்டியிலேயே இரு என்றார்கள். அவரோ கவுனோடு இறங்கி ஓடினார். மறு ஆண்டு சான் டியாகோ குழு அவரை அழைத்துச் சிறப்பித்தது. ஆண்களும் சிவப்பு கவுன் மாட்டி ஓடினார்கள். இன்று பல நாடுகளில் நடக்கும் ‘ரெட் டிரெஸ் ரன்’ அப்படித் தொடங்கியதுதான். திரளும் பணம் உள்ளூர் அறப்பணிகளுக்குப் போகிறது.