ஈஸ்ட்டின் மரபிழையில் மறுசேர்க்கையிடங்களை வகைப்படுத்துதல்

வைப்பாறு கடலொடு கலக்குமிடத்தை அடுத்துள்ள கீழவைப்பார் பரதவர் வாழும் ஊர். அதனைச் சார்ந்த தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு இறுதியாக 1961-இல் நிகழ்ந்தது. எடுத்த முத்துக்களைப் பிரித்தற்கு இரு வழிகள் இருந்தன. துளையளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளிலிட்டுப் பருமன் அறிதல் ஒன்று. உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணி முதலாகத் தரம் காணுதல் மற்றொன்று. முன்னதற்கு விதி உண்டு. பின்னதற்குப் பலவற்றைக் கண்டு பழகிய கண்ணே துணை. இயந்திரக் கற்றல் என இன்று வழங்கும் கணிப்பொறி முறை பின்னதனைப் போல்வது. ஈண்டு அம்முறை ஈஸ்ட்டின் மரபிழைமேற் செயற்பட்டவாற்றை நோக்குவாம்.

இக்கரைப் பனைகளின் சாறு கள்ளாதற்குக் காரணமான நுண்ணுயிர்களுள் தலையாயது சாக்கரோமைசிஸ் செரிவிசியே எனும் ஈஸ்ட். கலயத்திற் சுண்ணாம்பு பூசுவது இத்தகைய உயிர்களின் பெருக்கத்தைத் தடுத்துப் பதநீராகவே நிறுத்துதற்பொருட்டு. இதன் மரபிழை 16 குரோமோசோம்களாய், ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் எழுத்திணைகள் உடையது. 1996-இல் முழுதும் படித்தறியப்பட்டது. எழுத்துக்கள் ஏ, டி, ஜி, சி என நான்கே. வித்துக்கள் தோன்றும் குன்றற்பிரிவின்போது ஸ்போ11 எனும் புரதம் இழையை அறுக்க, இரு பெற்றோர்வழி வந்த இழைகள் ஆங்காங்கே மாறிப் பொருந்தும். இதனைப் புணர்ச்சி எனப் பெயர்த்தல் பொருந்தாது; நிலைமொழியும் வருமொழியும் இயைவதன்றி ஒன்றன் பகுதி மற்றொன்றற்கு மாறுதல் ஆண்டில்லை. ஆதலின் மறுசேர்க்கை என்பதே கொள்ளத்தக்கது. அறுதல் மிக நிகழும் இடத்தை வெப்பிடம் என்றும், அரிதின் நிகழும் இடத்தைத் தண்ணிடம் என்றும் கூறலாம்.

ஜெர்ட்டன் முதலியோர் 2000-இல் வெளியிட்ட அளவீட்டிலிருந்து 490 வெப்பிடங்களும் 591 தண்ணிடங்களும் கொண்ட தொகுதி ஒன்று அமைந்தது. சீன ஆய்வாளர் வெய் சென் முதலியோர் 2013-இல் அதனைக் கொண்டு கணிப்பொறியைப் பயிற்றினர். அடுத்தடுத்து நிற்கும் ஈரெழுத்துத் தொடர் பதினாறும் ஒவ்வோரிடத்தும் எத்துணை முறை வருகின்றன என்பதையும், அத்தொடர்களால் இழை முறுகும் பாங்கு முதலியவற்றையும் எண்ணாக்கினர். இருவகைக்கும் நடுவே இயன்றவரை அகன்ற எல்லையை வகுப்பது கணிப்பொறியின் தொழில். ஒன்றை மறைத்து, ஏனையவற்றாற் பயிற்றி, மறைத்ததனை வினவியபோது நூற்றுக்கு ஏறத்தாழ 82 விடைகள் சரியாயின. அனைத்தையும் தண்ணிடம் என்றே கூறினும் 55 சரியாகும் என்பதையும் உடன்வைத்து இவ்வெண்ணை மதித்தல் வேண்டும்.

இதனினும் கருதற்பாலது ஒன்றுண்டு. அத்தொகுதியிற் சேர்ந்தவை இருமருங்கும் எல்லைப்பட்டவையே. இடைப்பட்ட அளவின விலக்கப்பட்டன. ஆணிமுத்தும் கோணல்முத்தும் மட்டுமே கண்டு பழகியவன்முன் கடலில் எடுத்தவாறே ஒரு குவியலை வைத்தால், அவன் இடர்ப்படுவது இடைத்தரத்திலேயாம். ஆதலின் 82 என்பதனை மரபிழை முழுமைக்கும் உரிய அளவாகக் கொள்ளுதல் பிழையாம்.

எழுத்து வரிசை மட்டுமே காரணமும் அன்று. ஜி, சி மிக்க பகுதிகள் வெப்பிடமாதல் பெரும்பான்மை என்பது மெய்யே. ஆயினும் 2011-இல் வெளிவந்த நுண்ணிய வரைபடம் ஏறத்தாழ 3,600 வெப்பிடங்களைக் காட்டிற்று. அவற்றுட் பெரும்பாலன ஜீன்களின் தொடக்கத்திற்கு முன்னே, ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றாது இழை வெறிதே கிடக்கும் இடங்களில் உள்ளன. இழை எங்குச் சுற்றப்பட்டுள்ளது, எங்கு வெறிதே கிடக்கின்றது என்பதை ஈரெழுத்துக் கணக்கு ஓரளவே காட்டும்.