வீட்டிலேயே முகக் கிரீம் செய்யலாம், ஆனால் தண்ணீரிடம் ஜாக்கிரதை!



மார்கழி வந்தால் போதும், ஊரப்பாக்கத்தில் நம் கூட்டங்களில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்த கையோடு முகக் கிரீம் பேச்சு வந்துவிடும். விடியற்காலை ரயிலைப் பிடித்துத் தாம்பரத்துக்கும் மறைமலை நகருக்கும் வேலைக்குப் போகிறவர்கள், ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசியில் நாள் முழுக்கக் கடை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், அடுப்படியிலேயே வேகிறவர்கள் என்று எல்லோருக்கும் ஒரே குறைதான். கன்னம் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது, உதடு வெடிக்கிறது. "கடையில வாங்குற டப்பா ஒரு மாசம்கூட வர்றதில்ல. நாமளே செஞ்சா என்னக்கா?" என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. செய்தும் பார்த்தோம். முதல் தடவை உருப்படவில்லை. அந்தக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறோம், அதில்தான் பாடம் முழுக்க இருக்கிறது.

கொல்லையில் சோற்றுக்கற்றாழை தாராளமாக இருந்தது. மடலைக் கீறி சோற்றை வழித்து, தேங்காய் எண்ணெய், பன்னீர் எல்லாம் சேர்த்து மிக்ஸியில் அடித்தோம். பார்க்க வெண்ணெய் மாதிரி அழகாக வந்தது. ஆளுக்கு ஒரு டப்பா எடுத்துப் போனோம். பத்தாவது நாள் ஒருவர் டப்பாவைத் திறந்தால் மேலே கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. இன்னொருவருக்குப் புளிச்ச வாடை. இதில் வேடிக்கை என்னவென்றால், வாடையும் புள்ளியும் இல்லாத டப்பாதான் அதிக ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத கிருமி அதிலும் வளர்ந்திருக்கும். அது தெரியாமல் நாம் அதைக் கண்ணோரத்திலும், பருவைக் கிள்ளிய புண்ணிலும் தேய்த்துக்கொண்டிருப்போம்.

ஏன் கெட்டது? தண்ணீர்தான் காரணம். கிருமி வளர ஈரம் வேண்டும். வெறும் எண்ணெயில் அது வளராது. அதனால்தான் தேங்காய் எண்ணெய் பாட்டில் மாதக்கணக்கில் அலமாரியில் நிற்கிறது. கற்றாழைச் சோறு பெரும்பாலும் தண்ணீர், கூடவே கொஞ்சம் சர்க்கரைச் சத்து. கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி! நம் பாட்டிமார்கள் தைலம் காய்ச்சும்போது திரியை எண்ணெயில் தோய்த்துக் கொளுத்திப் பார்ப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? சடசடவென்று வெடித்தால் எண்ணெயில் இன்னும் ஈரம் இருக்கிறது, சத்தமில்லாமல் எரிந்தால் பதம் வந்துவிட்டது என்பார்கள். அவர்கள் கிருமி என்று பெயர் சொல்லவில்லை, அவ்வளவுதான். வேலை இதே வேலைதான்.

கடை கிரீமிலும் தண்ணீர் இருக்கிறதே, அது ஏன் கெடுவதில்லை என்று கேட்பீர்கள். கெடாமல் இருக்கவே அதில் பாதுகாப்புப் பொருள் சேர்க்கிறார்கள். அந்தப் பொருளை அளந்து, கிரீமின் புளிப்புத் தன்மையையும் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஊறுகாய்க்குப் போடுகிற சோடியம் பென்சோயேட் இருக்கிறதே, அது புளிப்பு உள்ள பொருளில்தான் வேலை செய்யும், மற்றதில் போட்டும் பிரயோசனமில்லை. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாது என்று பலர் நம்புகிறார்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் கொஞ்ச நாள் காக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது.

ஆகவே நாங்கள் இரண்டு வழி வைத்துக்கொண்டோம். தண்ணீர் இல்லாத களிம்பு ஒன்று, அது தினப்படிக்கு. தண்ணீர் சேர்த்த கிரீம் இன்னொன்று, அது ஒரு வாரத்துக்கு மட்டும்.

முதலில் களிம்பு. சுத்தமான தேங்காய் எண்ணெய் 100 மில்லி, தேன்மெழுகு 20 கிராம். வேறொன்றும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும், நம்ம ஊர் சித்திரை வெயிலில் டப்பாவுக்குள் தண்ணீராகவே நிற்கும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதனால் மெழுகுதான் களிம்பைக் கெட்டியாகப் பிடித்து வைக்கிறது. மார்கழி, தை மாதத்தில் 15 கிராம் மெழுகு போதும், இல்லாவிட்டால் கல் மாதிரி ஆகி விரலில் வராது.

ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் எவர்சில்வர் கிண்ணத்தை வையுங்கள். மெழுகைத் துருவி எண்ணெயோடு கிண்ணத்தில் போட்டு, சிறு தீயில் உருக விடுங்கள். நேரடியாக அடுப்பில் கிண்ணத்தை வைக்கக் கூடாது, எண்ணெய் கருகும், மெழுகு தீப்பிடிக்கவும் செய்யும். பிள்ளைகள் அடுப்படியில் வேண்டாம். உருகியதும் இறக்கி, துடைத்துக் காய்ந்த டப்பாவில் ஊற்றி, ஆறும்வரை திறந்தே வையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து அந்தத் தண்ணீர் உள்ளே சொட்டும். பார்த்தீர்களா, மறுபடியும் தண்ணீர்! டப்பாவை வெந்நீரில் கழுவி வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகே எடுக்க வேண்டும். ஈரக் கையை உள்ளே விடாமல் சின்னக் கரண்டியால் எடுத்துப் பழகினால் நாலைந்து மாதம் வரும். சிக்கு வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள்.

பூசுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. களிம்பு முகத்துக்கு ஈரம் தராது. இருக்கிற ஈரம் வெளியே போகாமல் மூடி வைக்கும், குடத்துக்கு மூடி போட்ட மாதிரி. அதனால் முகம் கழுவி, துண்டால் ஒற்றி, லேசான ஈரம் இருக்கும்போதே பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து உருக்கிப் பூச வேண்டும். காய்ந்த முகத்தில் பூசிவிட்டு "பிசுபிசுன்னு இருக்கு, பிரயோசனமில்ல" என்று சொன்ன தோழிகள் ராத்திரி படுக்கும்முன் இப்படிப் பூசிப் பார்க்கட்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் சோப்பை முகத்தில் அதிகம் தேய்ப்பதைக் குறைத்தாலே பாதி வறட்சி போய்விடும். பரு அதிகம் வருகிறவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் இதைக் கை காலுக்கும் உதட்டுக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, தண்ணீர் சேர்த்த கிரீம். இது ஏதோ புது நாகரிகம் இல்லை. தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் பன்னீரும் கலந்து செய்கிற முறை சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியில் இருந்த காலன் என்ற கிரேக்க வைத்தியர் பெயரில் வழங்கி வருகிறது. 'கோல்டு கிரீம்' என்று கடையில் கேட்கிறோமே, அதன் ஆதி இதுதான். பூசினால் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தருவதால் அந்தப் பெயர். பிற்காலத்தில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்க வெங்காரம் சேர்த்தார்கள். நாங்கள் வெங்காரத்தைச் சேர்ப்பதில்லை. வெடித்த தோலிலும் குழந்தைகள் மேலும் படக் கூடாத பொருள் அது, வீட்டில் குழந்தை எதை எடுத்துப் பூசும் என்று யார் கண்டது?

எண்ணெய் 60 மில்லி, மெழுகு 12 கிராம் மேலே சொன்ன மாதிரி உருக்கி, ஆற விடுங்கள். ஓரத்தில் வெளுத்துக் கூழாகும்வரை பொறுங்கள். கற்றாழை மடலை வெட்டியதும் அரைமணி நேரம் சாய்த்து நிற்க வைத்தால் மஞ்சளாகப் பால் வடியும். அதைக் கட்டாயம் வடித்துக் கழுவ வேண்டும், பலருக்கு அரிப்பு வருவது அதனால்தான். பிறகு தோல் சீவி, உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும் சோற்றை அடித்து வடிகட்டி, 40 மில்லி எடுங்கள். இதுவும் எண்ணெய்க் கூழும் ஒரே பதமாகத் தொட்டால் சூடோ குளிர்ச்சியோ தெரியாமல் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாற்றை ஊற்றினால் மெழுகு திரிதிரியாகப் போய்விடும். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டி, சாற்றை நூல் மாதிரி ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் பிரிந்துவிடும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை சரிப்படாது, மோர் சிலுப்புகிற பொறுமை வேண்டும். செய்ததை ஃப்ரிட்ஜில் வைத்து ஏழு நாளில் முடிக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம், களிம்பே போதும்.

கடையில் கல்யாணத்துக்குத் தெளிக்கிற பன்னீரை இதில் ஊற்றாதீர்கள். அதில் பல வெறும் வாசனை கலந்த தண்ணீர். எலுமிச்சம் சாறும் வேண்டாம். எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கறுப்புத் தழும்பும் வரும். இயற்கையானது என்பதாலேயே எல்லாம் முகத்துக்கு ஆகாது. எதைச் செய்தாலும் முதலில் முழங்கை மடிப்பில் பூசி இரண்டு நாள் பாருங்கள். இந்தக் கிரீம் வெயிலைத் தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம், வெயிலுக்கு முந்தானையும் குடையும்தான்.

மெழுகு வாங்குவதில் ஏமாந்துவிடாதீர்கள். மெழுகுவர்த்திக்குப் போடுகிற பாரபின் மெழுகைத் தேன்மெழுகு என்று தலையில் கட்டுகிறார்கள். நல்ல தேன்மெழுகில் லேசான தேன் வாசனை இருக்கும். கைச்சூட்டில் பிசைந்தால் சேர்ந்து வரும். பாரபின் வழுக்கும், உதிரும். காதி கடைகளிலும், தேனீ வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கம் போய்வருகிற உறவுக்காரர்களிடமும் சொல்லி வைத்தால் நல்ல சரக்கு கிடைக்கும்.

இதையெல்லாம் இவ்வளவு விலாவாரியாகச் சொல்லக் காரணம் ஒன்று உண்டு. நம் தோழிகள் வறட்சிக்காக மட்டும் கிரீம் தேடுவதில்லை. 'சிவப்பழகு' தேடுகிறார்கள். பெயர் இல்லாத, தயாரித்தவர் முகவரி இல்லாத டப்பாக்கள் சந்தையில் வந்துகொண்டே இருக்கின்றன. சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், சிறுநீரகம் கெட்டு வந்த பலரை விசாரித்தபோது அவர்கள் வெளுப்பாக்கும் கிரீம் பூசி வந்தது தெரிந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். பூசியது முகத்தில், பாதித்தது சிறுநீரகத்தை. கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் என்று ஆரம்பிக்கும். இன்னொரு வகை, ஸ்டீராய்டு கலந்தது. பூசிய வாரமே முகம் பளபளக்கும். நிறுத்தினால் சிவந்து எரியும், பருவும் முடியும் வரும், தோல் மெலிந்துபோகும். இத்தகைய மருந்துக் கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனாலும் "மெடிக்கல்ல குடுத்தாங்க" என்று சொல்கிற தோழிகள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே வாரத்தில் வெளுக்க வைக்கிற எதையும் நாங்கள் நம்புவதில்லை. அப்படி ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நாட்டு மருந்து பற்றிச் சந்தேகம் கேட்க நமக்குப் பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

கடைசியாக, விற்பனை. "பத்து டப்பா செஞ்சு பொங்கல் கண்காட்சியில வைக்கலாமா?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நம் வீட்டுக்கும் நமக்கும் செய்துகொள்ள யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆனால் விற்பதற்குச் செய்தால் அது 1940-ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. 2020-ல் வந்த அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும். அதற்குத் தனி இடம், சுத்தமான தளம், வேதியியலோ மருந்தியலோ படித்த ஒருவர் மேற்பார்வை எல்லாம் கேட்பார்கள். டப்பாவில் தயாரித்தவர் முகவரி, உரிம எண், தொகுதி எண், சேர்த்த பொருட்கள், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதெல்லாம் அச்சிட வேண்டும். குழு என்பதால் சலுகை கிடையாது. இது வீண் கெடுபிடி என்று முதலில் எங்களுக்கும் கோபம் வந்தது. அந்தக் கறுப்புப் புள்ளி டப்பாவை ஒரு வாடிக்கையாளர் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்த பிறகு கோபம் குறைந்தது.

ஒரு குழுவால் தனியாக முடியாது, ஆனால் கூட்டமைப்பாகச் சேர்ந்தால் வழி இருக்கிறது. ஏற்கெனவே உரிமம் உள்ள தொழிற்கூடத்தில் நம் பெயரில் தயாரித்துக்கொள்ள 'லோன் லைசென்ஸ்' என்று ஒன்று விதியில் உண்டு. அதற்கு ஆகும் செலவு, வரும் ஆர்டர், திருப்பிக் கட்ட வேண்டிய கடன் மூன்றையும் தாளில் எழுதிக் கூட்டத்தில் வைத்துப் பேசிய பிறகு இறங்குங்கள். அதுவரை கண்காட்சி மேஜையில் கிரீம் டப்பா வேண்டாம்.

சொல்ல மறந்த ஒன்று: மெழுகு உருக்கிய கிண்ணத்தைச் சூடு ஆறும்முன் பழைய செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். அப்படியே கழுவினால் மெழுகு சாக்கடைக் குழாயில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதை எடுக்க ஒரு நாள் முழுக்க நாங்கள் கம்பியோடு மல்லுக்கட்டியிருக்கிறோம்.