சரக்கு சைக்கிளின் செயினைக் காப்போம்

வேனும் ஆட்டோவும் எத்தனை வந்தாலும், சந்துக்குள் இருக்கும் வீட்டுக்கு அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் கொண்டு சேர்க்க நம்மில் பலர் இன்னும் சைக்கிளைத்தான் நம்பியிருக்கிறோம். தினமும் கல்லாவை எண்ணும் நாம், அந்த சைக்கிளின் செயினை மட்டும் அறுந்து விழும்வரை திரும்பிப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடைப் பையன் 50 கிலோ சர்க்கரை மூட்டையுடன் மேட்டில் ஏறும்போது செயின் பல்லில் வழுக்கி விட்டது. சர்க்கரை போனது போகட்டும். பையனுக்கு முழங்காலில் தையல் போட வேண்டியதாயிற்று. எண்ணெய் சொட்டச் சொட்ட விட்டிருந்தோமே என்று நினைத்தோம். தவறே அதுதான் என்று பிறகு தெரிந்தது.

செயின் தேய்வது வெளியே அல்ல. ஒவ்வொரு கண்ணியின் மூட்டிலும் உருளைக்குள் இருக்கும் முளையில்தான். எண்ணெய் அங்கேதான் வேண்டும். வெளியே வழியும் எண்ணெயில் தெருப்புழுதி ஒட்டி, உப்புத்தாள் போல உள்ளே அராவுகிறது.

மாதம் ஒரு முறை பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்துச் செயினைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல் போதும். பெட்ரோல் கூடாது, தீப்பிடிக்கும். துணியால் துடைத்து நன்கு உலரவிட்டு, ஒவ்வொரு உருளையின் மேலும் ஒரே ஒரு சொட்டு புதிய எஞ்சின் ஆயில் விட வேண்டும். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, கால் மணி நேரம் கழித்து வெளிப்பக்கத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். மழையில் நனைந்தாலும், உப்பு மூட்டை ஏற்றினாலும் மாதக் கணக்குப் பார்க்காமல் உடனே துடைத்து எண்ணெய் விடுவது நல்லது.

கடையில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ விடக்கூடாது, நாளடைவில் பிசினாகிவிடும். வண்டியில் வடித்த பழைய ஆயிலில் இரும்புத் தூள் இருக்கும், அதுவும் வேண்டாம். இந்த வேலையைச் சரக்கு அறையில் செய்யாதீர்கள். அரிசியும் தேயிலையும் மண்ணெண்ணெய் வாடையை இழுத்துக்கொள்ளும். தராசைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அவசியம்.

செயின் தேய்ந்ததா என்று அறிய அடிக்கோல் போதும். ஒரு முளையின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணினால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். ஒரு நூல், அதாவது 1/8 அங்குலம் கூடியிருந்தால் மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் பற்சக்கரமும் தேயும். பிறகு புதுச் செயின் போட்டாலும் வழுக்கும். செயினோடு போக வேண்டிய செலவு மூன்றாகும்.

செயின் லாக்கைக் கழற்றி மாட்டும்போது அதன் மூடிய முனை, செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும் என்பதையும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மாதத்தில் அரை மணி நேரம்தான் வேலை. சிறு சிக்கனம் என்று எண்ண வேண்டாம். நம் சரக்கைச் சுமப்பவரின் முழங்காலும் இதில் அடங்கியிருக்கிறது.