"எப்போது திரும்பிப் போகிறீர்கள்?"

ஹைதராபாத் பார்க்கஸ் பகுதியில் பலர் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறார்கள். நிஜாம் காலத்தில் ஏமன் பக்கத்திலிருந்து வந்த அரபுச் சிப்பாய்கள் தங்கிய ‘பாரக்ஸ்’தான் வாய்ப்பேச்சில் பார்க்கஸ் ஆயிற்று. அவர்களது சந்ததியார் பிழைப்புக்காக மறுபடி அரபு நாடுகளுக்கே போகிறார்கள்!

லீவில் வருகிறவரை முதலில் விசாரிப்பவர் ஷம்ஷாபாத் விமான நிலையச் சுங்க அதிகாரி. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்த ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் வரை தங்க நகை தீர்வையின்றிக் கொண்டு வரலாம். அங்கே பதில் சுலபம். வீட்டு வாசலில்தான் சங்கடம். "சம்பளம் எவ்வளவு?" "எனக்கு என்ன கொண்டு வந்தாய்?"

இவற்றைச் சிரித்துச் சமாளிக்கலாம். வந்த மறுநாளே "எப்போது திரும்பப் போகிறாய்?" என்கிறார்களே, அதுதான் சுடுகிறது. கேட்பவர் உபசாரமாகத்தான் கேட்கிறார். ஆனால் சவூதியிலிருந்து வந்தவருக்கு அந்தத் தேதி தம் கையில் இல்லை. மறுபடி நுழைவதற்கான விசாவின் கெடுவுக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் வேலைக்கு ஆபத்து. 2021 மார்ச் வரை அந்த விசா பெறவே முதலாளியின் சம்மதம் தேவைப்பட்டது. பிறகு தனியார் துறைத் தொழிலாளர் தாமே விண்ணப்பிக்க வழி பிறந்தது. வீட்டு வேலையாட்களுக்கும் வீட்டு டிரைவர்களுக்கும் அந்தச் சீர்திருத்தத்தில் இடமில்லை.

சார்மினார் எக்ஸ்பிரஸில் ஊர் போகும் ஹைதராபாத் தமிழர்களுக்கும் "முத்து வாங்கி வந்தாயா? எத்தனை நாள் லீவு?" என்ற விசாரணை உண்டு. இரண்டு நாள் கூடத் தங்க வேண்டுமானால் ஒரு மெடிகல் சர்டிபிகேட்டில் காரியம் முடியும். வளைகுடாக்காரருக்கு அது நடவாது. அவர் பெட்டி கட்டும்போதுதான் குழந்தை அவரிடம் ஒட்டத் தொடங்கியிருக்கும்.