ஏரிக்கரைக் களிமண்: சோழவரம் வட்டார மண்ணின் இயல்புகள்

சோழவரம் ஏரியின் கரை மண்ணால் ஆனது. கொசஸ்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டால் மறித்து, கால்வாய் வழியே சோழவரத்திற்கும் அங்கிருந்து புழலுக்கும் கொண்டுவந்து சென்னை நகருக்கு வழங்கும் ஏற்பாடு 1872இல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் இந்த ஏரி நகரின் குடிநீரோடு பிணைந்திருக்கிறது. இன்று 1,081 மில்லியன் கன அடி கொள்ளளவு உடைய இத்தகைய ஏரியின் கரையில் கருங்கல் பாவுவது அலையின் அடியைத் தாங்குவதற்கே. கசிவைத் தடுப்பது களிமண்ணின் வேலை. ஆனால் அதே களிமண் நிலத்தில் ஆழமில்லாத கடைக்கால் போட்டு எழுப்பிய வீட்டின் சுவர், சித்திரை வெயில் முற்றும்போது சன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் பிளக்கிறது. கரையைக் காப்பதும் சுவரைப் பிளப்பதும் ஒரே இயல்பிலிருந்து பிறப்பவை.

அந்த இயல்பு மணிகளின் அளவில் தொடங்குகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும், அதாவது 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய மணிகளையே மண்ணியலார் களி என்று வகைப்படுத்துகின்றனர். மணல் உருண்டையான அல்லது கரடான துகள்களால் ஆனதாக இருக்க, களிமணிகளோ பெரும்பாலும் மெல்லிய தகடுகள். அவற்றின் பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டிருப்பதால் நீர் மூலக்கூறுகளும் சோடியம், கால்சியம் போன்ற அயனிகளும் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. களிக் கனிமங்களுள் கயோலினைட்டின் ஒரு கிராமில் உள்ள தகடுகளின் மொத்தப் பரப்பு 10 முதல் 20 சதுர மீட்டர் அளவே. மாண்ட்மோரில்லோனைட்டிலோ அது 800 சதுர மீட்டர் வரை செல்லும். சென்னைப் பக்கத்து மனைக் கணக்கில் சொன்னால், ஒரு சிட்டிகை மண்ணுக்குள் மூன்றரை கிரவுண்டு நிலம் மடிந்து கிடக்கிறது. இவ்வளவு பரப்பையும் நீர்ப்படலம் போர்த்தியிருப்பதால், களிமண்ணின் வலிமை, கசிவு, பருமன் ஆகிய எதைப் பற்றிப் பேசினாலும் அதில் உள்ள நீரின் அளவைச் சொல்லாமல் பேச இயலாது.

இதை எண்ணால் அளக்கும் வழியை 1911இல் வகுத்தவர் சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பர்க். நன்கு காய்ந்த களி கெட்டியாக உடைகிறது. சிறிது நீர் சேர்ந்தால் பொடிகிறது. மேலும் சேர்ந்தால் வெடிக்காமல் வளைந்து, கொடுத்த வடிவத்தில் நிற்கிறது. அதற்கும் மேல் சேர்ந்தால் குழம்பாக ஓடுகிறது. இந்நிலைகளுக்கு இடையே உள்ள எல்லைகளை, உலர்ந்த மண்ணின் எடையில் நீர் எத்தனை விழுக்காடு என்ற கணக்கில் அவர் குறித்தார். மண்ணைக் கண்ணாடித் தட்டின்மேல் திரியாக உருட்டும்போது 3 மில்லிமீட்டர் தடிமனில் அது நொறுங்கத் தொடங்கும் ஈரம் நெகிழ்மை எல்லை எனப்படும். பித்தளைக் கிண்ணத்தில் மண்குழம்பை இட்டு, நடுவே பள்ளம் கீறி, ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 25 முறை தட்டும்போது பள்ளத்தின் இரு கரையும் அடியில் கூடும் ஈரம் நீர்ம எல்லை. இக்கருவியைச் செம்மைப்படுத்தியவர் ஆர்தர் காசகிராண்டே. இரண்டு எல்லைகளுக்கும் உள்ள இடைவெளி நெகிழ்மைக் குறியீட்டெண். நீர்ம எல்லை 50 விழுக்காட்டைத் தாண்டினால் மிகு நெகிழ்மையுள்ள மண் என்று இந்தியத் தரநிலை வகுக்கிறது. ஆய்வகக் கருவி எதுவும் இல்லாமல், பிசைந்த மண்ணை உள்ளங்கையில் திரித்துப் பார்த்தே சக்கரத்துக்கு ஏற்ற பதத்தைச் சொல்லும் மண்பாண்டத் தொழிலாளர் செய்வதும் ஏறத்தாழ இதே சோதனைதான்.

கரைக்கு வருவோம். தூய மணலின் ஊடே நீர் ஒரு நாளில் பல மீட்டர் நகர்ந்துவிடும். நன்கு அழுத்திய களியில் அதே நீர் ஓர் ஆண்டில் சில சென்டிமீட்டர் நகர்ந்தால் மிகுதி. ஆனால் களியைக் கொட்டிவிட்டால் மட்டும் இத்தன்மை வந்துவிடாது. காய்ந்த கட்டிகளாகக் கொட்டிய களியில் கட்டிகளுக்கு இடையே உள்ள சந்துகளே நீருக்கு வழியாகும். அளவுக்கு மீறி ஈரமான களியோ உருளைக்கு அடியில் பிதுங்கி விலகும். இரண்டுக்கும் நடுவே, குறைந்த உழைப்பில் மிகுந்த அடர்த்தி கிடைக்கும் ஈரம் ஒன்று உண்டு என்பதை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மண்ணணைகளைக் கட்டிய பொறியாளர் ரால்ஃப் புரோக்டர் 1933இல் சோதனையால் காட்டினார். அணைகளுக்குக் களியை நிரப்புவோர் அந்த ஈரத்தைவிடச் சற்று மிகுதியாக வைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, முனைகள் புடைத்த ஆட்டுக்கால் உருளையால் பிசைந்து அழுத்துவர். கட்டிகள் உடைந்து ஒன்றோடொன்று இழைவதற்கு அந்த முனைகள் உதவுகின்றன.

ஏரி நிரம்பி வழியும்போதுதான் கரைக்கு ஆபத்து என்பது பொதுவான எண்ணம். அது உண்மையின் ஒரு பாதியே. நீர் உயர்ந்து நிற்கும்போது கரையின் உட்சரிவை அந்த நீரே தாங்கிக்கொள்கிறது. மட்டம் விரைவாக இறங்கினால் வெளியே இருந்த தாங்கல் போய்விடும். களியின் உள்ளே புகுந்த நீரோ அதே விரைவில் வெளியேற இயலாமல் அழுத்தத்துடன் தங்கிவிடும். மணிகள் ஒன்றை ஒன்று அழுத்தும் விசையை அந்த நீரழுத்தம் குறைப்பதால், உட்சரிவு வழுக்கி இறங்கக்கூடும். புழலுக்கு நீரை அனுப்பும் இடைநிலை ஏரியான சோழவரத்தில் மட்டம் ஏறுவதும் இறங்குவதும் வழக்கமாகையால், மதகைத் திறக்கும் வேகமும் கரைப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகிறது. கோடை வறட்சி வேறு வகையில் தீங்கு செய்கிறது: கரையின் மேற்பகுதி காய்ந்து வெடிப்புகள் விழுகின்றன, வடகிழக்குப் பருவமழையின் முதல் நீர் அவற்றின் வழியே உள்ளே இறங்குகிறது.

மணிகள் ஒன்றை ஒன்று அழுத்தும் விசையையும் இடைநீரின் அழுத்தத்தையும் பிரித்துக் காண வேண்டும் என்ற கருத்தை 1920களில் நிலைநாட்டியவர் கார்ல் டெர்சாகி. இன்றைய மண்பொறியியலின் பெரும்பகுதி இந்த ஒரு பிரிவினையின்மேல் நிற்கிறது எனலாம். களியின்மேல் பாரம் ஏற்றினால் முதலில் அதை நீரே சுமக்கிறது. நீர் மெல்லக் கசிந்து வெளியேறும் அளவுக்குப் பாரம் மணிகளுக்கு மாற, நிலம் தாழ்கிறது. இறுகல் எனப்படும் இந்நிகழ்ச்சி முடிய ஆகும் காலம், நீர் கடக்க வேண்டிய தொலைவின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. தடிமன் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். எண்ணூர், பழவேற்காடு ஓரங்களில் காணப்படும் மென்மையான கடற்களியின்மேல் கட்டுவோர் இதை மறக்க இயலாது. இத்தகைய நிலங்களில் பட்டையான நெகிழிவடிகால்களை நெருக்கமாகச் செங்குத்தாக இறக்கி, மேலே மண்மேடு குவித்துச் சில மாதங்கள் விடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். நீர் நெடுந்தொலைவு மேலேறாமல் பக்கவாட்டில் ஓரிரு அடி நகர்ந்து வடிகாலை அடைந்துவிடுவதால், பல்லாண்டுத் தாழ்வு மாதங்களில் முடிகிறது.

வீட்டுச் சுவரின் சிக்கல் பாரத்தால் வருவதன்று. மாண்ட்மோரில்லோனைட் மிகுந்த மண்ணில் நீர் தகடுகளுக்கு இடையிலேயே புகுந்து அவற்றை விலக்குவதால் மண் உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. உப்பும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 20 டன்னையும் மிஞ்சக்கூடும். ஒருமாடி வீட்டின் எடை அதை அடக்கப் போதாது. வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை. ஓரங்களில், குறிப்பாக மரவேர் உறிஞ்சும் இடங்களில், மண் ஏறி இறங்குகிறது. ஆகவே விரிசல் மூலைகளில் பிறக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய குமிழடித் தூண் இதற்கு மலிவான விடை. பருவ ஈரம் எட்டாத ஆழத்திற்குத் துளையிட்டு, அடியில் அதன் விட்டத்தை ஏறத்தாழ இரண்டரை மடங்காக அகலித்துக் கான்கிரீட் இட்டால், மேல்மண் உப்பும்போதும் தூண் பிடுங்கப்படாமல் அடிக்குமிழ் பற்றிக்கொள்கிறது.

செங்கல் சூளைக்காரர் களியை வேறொரு திசையில் வெல்கின்றனர். தனிக்களியால் அறுத்த கல் நிழலில் உலரும்போதே வெடிக்கும் என்பதால் மணல் கலந்த மண்ணைத் தேர்கின்றனர். சூளையில் சில நூறு பாகை வெப்பத்தைத் தாண்டியதும் படிகத்துக்குள்ளேயே பிணைந்திருந்த நீர்ப்பகுதி வெளியேற, அதன்பின் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது மீண்டும் குழையும் மண்ணாவதில்லை.

கனரக லாரிகள் ஓடும் சரக்குத் தளங்களுக்கும் சாலைகளுக்கும் சுடுவது இயலாது. அங்கே சுண்ணாம்பு பயன்படுகிறது. எடையில் 3 முதல் 6 விழுக்காடு சுண்ணாம்பைக் கலந்தால், அதன் கால்சியம் தகடுகளின் மேலுள்ள சோடியத்தை இடம்பெயர்க்கிறது. மணிகள் திரண்டு, நெகிழ்மை சில மணி நேரத்திலேயே குறைந்து, சேறாக ஒட்டிய மண் உதிரியாகிறது. பிறகு வாரக்கணக்கில், களியின் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து சிமெண்டை ஒத்த பிணைப்பை உண்டாக்குகின்றன. அனல் மின் நிலையங்களின் எரிசாம்பலையும் சேர்த்தால் இவ்வினைக்கு வேண்டிய சிலிக்கா கூடுதலாகக் கிடைக்கும். அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் அருகிலேயே இருப்பதால், இவ்வட்டாரத்தில் அதற்கான மூலப்பொருளைத் தொலைவில் தேட வேண்டியதில்லை.